ஆன்வில் கேன்யனில் நின்ற வேன்: ஒரு பாலைவன மலைப் பயணம் எங்கே முறிந்தது?

1996 அக்டோபர் 21. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில், தென்மேற்கு மலைகளின் மேல் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்த ஒரு ரேஞ்சர், ஆன்வில் கேன்யனின் மணலில் பச்சை நிற வேன் ஒன்று நிற்பதைப் பார்த்தார். அவர் வேனைத் தேடிப் போகவில்லை. ஒதுக்குப்புறத்தில் யாராவது போதைப்பொருள் காய்ச்சுகிறார்களா என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. வேன் நின்ற இடமோ வண்டி போகக்கூடிய இடமே இல்லை. இறங்கிப் பார்த்தால் மூன்று டயர்களில் காற்று இல்லை. ஆள் யாரும் இல்லை.

நம்பர் பிளேட்டை வைத்து விசாரித்ததில், லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக்கு எடுக்கப்பட்ட ப்ளிமத் வாயேஜர் என்று தெரிந்தது. எடுத்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. கூட வந்தவர்கள் அவருடைய தோழி, பிறகு 11 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஜூலை 27 அன்று ஊர் திரும்ப வேண்டிய விமானத்தில் அவர்கள் ஏறவில்லை. வேன் திரும்பி வராததால் திருட்டு வண்டி என்று பதிவாகியிருந்தது. ஜெர்மனியில் உறவினர்கள் கவலைப்படத் தொடங்கியிருந்தாலும், எங்கே தேடச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் போலீஸ் பட்டியலில் ஒரு வண்டி இருந்தது. நான்கு பேர் பூங்காவுக்குள் மாட்டியிருக்கிறார்கள் என்ற தகவல் மட்டும் பூங்காவில் யாரிடமும் இல்லை.

இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெயிலைச் சொல்லி முடித்துவிடுவார்கள். வெயில் கொன்றது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெயில் வந்து சேர்ந்தது கடைசியில்தான். அதற்கு முன்பு அவர்களுக்குத் திரும்பிப் போகும் வாய்ப்பு பலமுறை கிடைத்தது. ஒவ்வொரு முறையும் முன்னால் போவதுதான் சுலபமாகத் தெரிந்தது. எங்கே திரும்புவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைக்காத பயணத் திட்டம் எப்படி முறிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்காகவே இதைப் பிரித்துப் பார்க்கிறேன்.

போன வழி

ஜூலை 22 அன்று பூங்காவுக்குள் வந்திருக்கிறார்கள். ஃபர்னஸ் க்ரீக்கில் உள்ள பார்வையாளர் மையத்தில் ஜெர்மன் மொழிக் கையேடு வாங்கியிருக்கிறார்கள். அன்றிரவு ஹனாபா கேன்யனில் தங்கல். மறுநாள் 23ஆம் தேதி, வார்ம் ஸ்பிரிங்ஸில் உள்ள பழைய சுரங்க முகாமின் வருகைப் பதிவேட்டில், கணவாயைத் தாண்டிப் போகிறோம் என்று ஜெர்மனில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கைப்பட எழுதிய எதுவும் இல்லை. ஆனால் வேனுக்குள் ஓர் அமெரிக்கக் கொடி இருந்தது. அது பியூட் வேலியில் உள்ள ஜியாலஜிஸ்ட்ஸ் கேபின் என்ற கல்வீட்டுக்குச் சொந்தமான கொடி. ஆக, அதுவரை போயிருக்கிறார்கள்.

அந்தக் கோடை சாதாரணக் கோடை இல்லை. 1996இல் டெத் வேலியில் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 49 செல்சியஸை எட்டிய நாட்கள் மட்டும் 40. 1913 ஜூலை 10 அன்று 134 டிகிரி (56.7 செல்சியஸ்) பதிவான அதே ஃபர்னஸ் க்ரீக்கில் நின்று மேற்கே பார்த்தால் பானமின்ட் மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் தரையிலிருந்து 3,368 மீட்டர் உயரமுள்ள டெலஸ்கோப் சிகரம் கண்ணுக்கு எதிரே தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் பானமின்ட் பள்ளத்தாக்கு. தென் பகுதியில் இந்தச் சுவரைத் தாண்ட இருக்கும் வழி மெங்கல் கணவாய், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில். கணவாயின் உச்சியில் உள்ள கற்குவியலில் கார்ல் மெங்கல் என்ற பழைய கனிமத் தேடியின் சாம்பல் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டி கோலர் வாஷ் என்ற வறண்ட ஓடைப்படுகை வழியாக இறங்கினால் பாலராட் என்ற கைவிடப்பட்ட ஊர். 1969இல் சார்லஸ் மேன்சன் பிடிபட்ட பார்க்கர் ராஞ்ச் இந்த இறக்கத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஒளிந்துகொள்ள அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலிருந்தே அங்கே ஆள் நடமாட்டம் எப்படி என்று ஊகிக்கலாம்.

மேப்பில் பார்த்தால் மேற்கே வெளியேற இது குறுக்கு வழி. மலையைச் சுற்றிக்கொண்டு தார்ச்சாலையில் போவதோடு ஒப்பிட்டால் கோடு சின்னதாகத்தான் தெரியும். பியூட் வேலி வரை பாதை ஏமாற்றும்படி நன்றாகவும் இருக்கும். டால்க் சுரங்கத்து லாரிகள் ஓடிய வழி அது. வேனில்கூட மெதுவாகப் போய்விடலாம். கணவாயை நெருங்கும் கடைசிப் பகுதியில்தான் பாறைப் படிகள் ஆரம்பிக்கும். அங்கே உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டி, வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியரோடு வேண்டும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத மினிவேனுக்கு அங்கே வேலையே இல்லை.

கணவாயில் ஏற முடியாமல் அவர்கள் திரும்பியிருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான ஊகம். திரும்பியவர்கள் வந்த வழியே போகவில்லை. பியூட் வேலியிலிருந்து கிழக்கே இறங்கும் ஆன்வில் கேன்யனுக்குள் வண்டியை விட்டிருக்கிறார்கள். அதுவும் பள்ளத்தாக்குத் தரையை நோக்கித்தான் போகிறது. வந்த வழியைவிட நேராகப் போவது மாதிரியும் தெரியும். பழைய மேப்களில் அங்கே ஒரு சுரங்கப் பாதை வரையப்பட்டிருந்தது. ஆனால் 1994 அக்டோபரில் வந்த கலிஃபோர்னியா பாலைவனப் பாதுகாப்புச் சட்டம் டெத் வேலியைத் தேசியப் பூங்காவாக உயர்த்தியபோது, பெரும் பரப்பை வண்டிகள் நுழையக்கூடாத வனப்பகுதியாகவும் அறிவித்தது. ஆன்வில் கேன்யன் அதற்குள் வந்துவிட்டது. தரையில் மூடப்பட்ட பாதை காகிதத்தில் திறந்தே கிடந்தது.

இறங்கலாம், ஏற முடியாது

இந்த வழக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். மேப்பை விரித்து வழி போடுகிற பலரும் இதை யோசிப்பதில்லை.

அந்த வேன் முன்சக்கர இழுவை வண்டி. மேட்டில் ஏறும்போது வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும். இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் லேசாகி, மணலிலும் சரளையிலும் பிடியில்லாமல் சுழலும். இறக்கத்தில் இந்தக் குறை தெரியவே தெரியாது. சரிவு தானாகவே வண்டியைக் கீழே கொண்டுபோகும். வறண்ட ஓடைப்படுகையில் கீழே போகப் போக மணல் சேர்ந்து ஆழமாவதும் உண்டு. ஆகவே இப்படிப்பட்ட வண்டி கேன்யனுக்குள் ஒரு மைல் இறங்கிவிட்டாலே, மேலே வரும் வழி அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவருக்கோ எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றும். முதல் முறையாக ரிவர்ஸ் போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும்.

அனுபவமுள்ளவர்கள் இதற்கு ஒரு கறாரான விதி வைத்திருக்கிறார்கள்: ஏறித் திரும்ப முடியும் என்று உறுதியாகத் தெரியாத சரிவில் இறங்காதே. சந்தேகம் இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் நடந்து போய்ப் பார். சரிவின் நடுவிலேயே நிறுத்தி, பின்னோக்கி கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். பத்து நிமிட வேலைதான். பெரும்பாலான பயணங்களில் இந்தச் சோதனை அனாவசியமாகத் தெரியும். அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பும் இடத்தைப் பாதையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபின் யாருக்கும் அடுத்த வளைவுக்கு அப்பால் நல்ல பாதை இருக்கும் என்றுதான் தோன்றும். வந்த கரடுமுரடை நினைத்தாலே திரும்ப மனம் வராது. பின்சீட்டில் பிள்ளைகள் களைத்திருந்தால் இன்னும் வராது. அதனால் வீட்டில் உட்கார்ந்து, தெளிந்த மனதோடு, எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். நண்பகல் ஒரு மணிக்குள் கணவாயைத் தொடவில்லை என்றால் திரும்புவோம். டேங்க் பாதியைத் தொடும் முன் பாதி தூரம் கடந்திருக்கவில்லை என்றால் திரும்புவோம். முதல் ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் அந்த நிமிடமே திரும்புவோம், பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. திரும்புவது என்றால் வந்த வழியேதான், புதுவழி கிடையாது.

இந்தக் கடைசி வரி ஆன்வில் கேன்யனுக்கு நேராகப் பொருந்தும். வந்த வழியைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே முழுத் தகவல் இருக்கிறது. குறுக்குவழியைப் பற்றி இருப்பதெல்லாம் மேப்பில் ஒரு கோடு.

டயர்

மூன்று டயர்கள் போயிருந்தன என்பதில் ஆச்சரியமில்லை. பானமின்ட் சரிவுகளில் கிடக்கும் கற்கள் ஆற்றில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்கள் அல்ல. உடைந்து விழுந்து, அதிக தூரம் உருளாமல் கூராகவே கிடப்பவை. நகரத்து வாடகை வண்டியின் டயர் அடியில் தடிமனாக இருந்தாலும் பக்கவாட்டில் மெல்லியது. பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் குச்சி சொருகி அடைக்க முடியாது. அதோடு, வாடகை வண்டிகளில் கொடுக்கப்படும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி தார்ச்சாலையில் மெதுவாக ஓட்டிப் பக்கத்து ஊர் சேர்வதற்குத்தான். கல் பாதையில் அதை ஸ்டெப்னி என்று எண்ணக்கூடாது. முழு அளவு ஸ்டெப்னி ஒன்று கட்டாயம், இரண்டு இருந்தால் நிம்மதி. காற்றைக் குறைத்து ஓட்டினால் டயர் கல்லின் மேல் வளைந்துகொடுக்கும், மணலிலும் மிதக்கும். ஆனால் மறுபடி காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்குவது வம்பு. ஜாக்கியை மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அடியில் போட ஒரு தடித்த பலகை எடுத்துக்கொள்ளாமல் போனவர்கள் இதை அங்கே போய்த்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வாடகை ஒப்பந்தத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும். தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலானவற்றில் இருக்கும். மீறினால் காப்பீடு கைகொடுக்காது; இழுவை வண்டிச் செலவும் உங்கள் தலையில்தான்.

தண்ணீர்க் கணக்கும் நடைக் கணக்கும்

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், ஏறக்குறைய 4 லிட்டர் என்பது பூங்கா சொல்லும் கணக்கு. நான்கு பேர், இரண்டு நாள் பயணம், மாட்டிக்கொண்டால் இன்னும் மூன்று நாள் என்று வையுங்கள். 80 லிட்டர். எடை 80 கிலோ, கூட ஒரு பெரிய ஆளை ஏற்றிய மாதிரி. இதைப் பல சின்னக் கேன்களில் பிரித்து வைக்க வேண்டும். ஒரே பெரிய கேனில் ஓட்டை விழுந்தால் எல்லாமே போய்விடும்.

ஆனால் இந்த 80 லிட்டர் வண்டியோடு இருப்பவர்களுக்கானது. நடக்கத் தொடங்கினால் கணக்கே வேறு. கடும் வெயிலில் நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வையாக இழக்க முடியும். மணலிலும் கல்லிலும் மணிக்கு 3 கிலோமீட்டர் போனால், 20 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம். ஆளுக்கு ஏழு லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 28 கிலோ. 4 வயதுக் குழந்தை சுமக்காது, ஒரு கட்டத்துக்குப் பிறகு அதையே சுமக்க வேண்டியிருக்கும். பகலில் அந்த நடை முடியவே முடியாத காரியம்.

வேனைக் கண்டுபிடித்ததும் நடந்த தேடலில், அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஒரு புதரடியில் காலி பீர் பாட்டில் ஒன்று கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. 2009 நவம்பரில்தான், தேடல் மீட்புப் பணியில் பழக்கமுள்ள இருவர் தாங்களாகவே கிளம்பிப் போய், வேனுக்குத் தெற்கே பல மைல் தள்ளி இரண்டு பெரியவர்களின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். குழந்தைகளுக்கு என்ன ஆனது என்பது அப்படி உறுதிப்படவில்லை.

ஏன் தெற்கே? மேப்பில் அந்தத் திசையில் சைனா லேக் கடற்படை ஆயுதத் தளத்தின் எல்லை இருக்கிறது. ஐரோப்பாவில் வளர்ந்தவர்களுக்கு ராணுவத் தளம் என்றால் வேலி, காவல், ரோந்து என்று மனதில் வரும். எல்லையைத் தொட்டால் யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்திருக்கலாம் என்பது தேடியவர்களின் ஊகம். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த தளம் அது. அந்த மூலையில் பாலைவனம் பாலைவனமாகவே தொடர்கிறது, காவலுக்கு ஆள் நிற்பதில்லை.

மனதைப் பிசைகிற விஷயம் வேறு. ஜியாலஜிஸ்ட்ஸ் கேபினுக்குப் பக்கத்திலேயே ஆன்வில் ஸ்பிரிங் என்ற ஊற்று இருக்கிறது. கேன்யனில் மேலே சில மைல் திரும்பி நடந்தால் நிழல் தரும் கல்வீடு, பக்கத்தில் தண்ணீர். அதே வீட்டிலிருந்துதான் கொடியை எடுத்து வந்திருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தால் யாராவது வர வாய்ப்பும் உண்டு, அது பாதையோரம். வண்டி நின்றபிறகும் முடிவு முன்னோக்கியே இருந்தது.

வண்டியை விட்டுப் போகாதே என்பது பொதுவான அறிவுரை. வானத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணில் மனிதன் படுவதைவிட வண்டி சீக்கிரம் படும். இந்த வழக்கே சாட்சி. ஆனால் யாரும் தேடி வரப்போவதில்லை என்றால் அந்த அறிவுரையும் பாதிதான் செல்லும். வார்ம் ஸ்பிரிங்ஸ் பதிவேட்டில் எழுதியதை அவர்கள் தகவல் சொன்னதாகவே நினைத்திருக்கக்கூடும். பதிவேட்டைத் தினமும் புரட்டிப் பார்த்து, யார் வந்து சேரவில்லை என்று கணக்குப் பார்க்க அங்கே ஆள் கிடையாது.

அதே வழியை இன்று திட்டமிட்டால்

முதலில் மாதம். நவம்பரிலிருந்து மார்ச் வரை. கோடையில் இந்த வழிக்குப் பாதுகாப்பான திட்டம் என்று ஒன்று கிடையாது, சாமான் எவ்வளவு ஏற்றினாலும். குளிர்காலத்துக்கும் தனிக் கணக்கு உண்டு: டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கணவாய் உயரத்தில் இரவு உறைபனி இருக்கலாம். அதனால்தான் மேலே மதியம் ஒரு மணி என்று கெடு சொன்னேன்.

வண்டி இரண்டு. ஒன்று மாட்டினால் மற்றது இழுக்கும், அல்லது ஆளைக் கூட்டிப் போகும். இரண்டும் லோ ரேஞ்ச் உள்ளவை. ஃபர்னஸ் க்ரீக்கில் டேங்கை நிரப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும். லோ ரேஞ்சில் ஊர்ந்தால் தார்ச்சாலையில் குடிப்பதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும். மலையைத் தாண்டி பாலராட்டில் இறங்கினால் அங்கே பெட்ரோல் இல்லை. தெற்கே ட்ரோனாவுக்கோ வடக்கே பானமின்ட் ஸ்பிரிங்ஸுக்கோ போக வேண்டும். அந்தத் தூரமும் கணக்கில் சேர வேண்டும்.

பாதை நிலவரத்தைக் கிளம்பும் நாள் காலையில் பூங்காவிடம் கேட்க வேண்டும், போன வருஷம் போய்வந்தவரிடம் அல்ல. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மழை ஒரே நாளில் சுமார் 56 மில்லிமீட்டர் பெய்தது. ஃபர்னஸ் க்ரீக்குக்கு அது ஒரு வருஷ மழை. பூங்கா முழுவதும் அக்டோபர் 15 வரை மூடியிருந்தது. ஒரு வெள்ளம் போனால் கோலர் வாஷ் போன்ற ஓடைப்பாதை வேறு பாதையாகிவிடும். பூங்காவுக்குள் அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு வண்டி விலகுவதே குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜிபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். எலும்புகள் கிடைத்த அதே 2009இல், ஆகஸ்டில், பூங்காவின் தென்பகுதியில் ஜிபிஎஸ் காட்டிய வழியில் போன ஒரு தாயும் 6 வயது மகனும் மாட்டிக்கொண்டார்கள். விலங்கு தோண்டிய வளையில் சக்கரம் புதைந்துவிட்டது. ஐந்தாம் நாள் கண்டுபிடித்தபோது மகன் இறந்திருந்தான். பழைய மேப்பில் இருந்த செத்த பாதைகள்தான் கருவிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கின்றன.

செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவியை நான் கட்டாயம் என்றே சொல்வேன். குறுகிய கேன்யனுக்குள் வானம் கொஞ்சமாகவே தெரியும், அங்கே அது தடுமாறும். திறந்த இடத்துக்கு ஏறி அனுப்ப வேண்டும். இன்னொன்று: தகவல் போய்ச் சேர்வதும் ஆள் வந்து சேர்வதும் ஒன்றல்ல. 2024 ஜூலை 6 அன்று டெத் வேலியில் 128 டிகிரி ஃபாரன்ஹீட் (53 செல்சியஸ்) வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு குழுவில் ஒருவர் இறந்தார். இன்னொருவரை ஏற்றிப்போக மருத்துவ ஹெலிகாப்டரால் வர முடியவில்லை. சூட்டில் காற்று லேசாகி, தூக்குவிசை குறைந்துவிடும். பொதுவாக 120 டிகிரிக்கு மேல் பத்திரமாகப் பறக்க முடியாது. மெங்கலுக்குக் கோடைத் திட்டம் கிடையாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீதி ஒரு தாள். வெளியே, சிக்னல் உள்ள ஊரில், பொறுப்பாக இருக்கும் ஒருவர் கையில் அது இருக்க வேண்டும். அதில் வண்டியின் நிறம், நம்பர், எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர். வழி: வார்ம் ஸ்பிரிங் கேன்யன், பியூட் வேலி, மெங்கல், கோலர் வாஷ், பாலராட். முடியாவிட்டால் வந்த வழியே திரும்புவோம், வேறு எந்தக் கேன்யனிலும் இறங்க மாட்டோம். இந்த வரி இருந்தால் தேடுகிறவர்களுக்கு முழு மலைத்தொடருக்குப் பதில் ஒரே பாதைதான் மிஞ்சும். கடைசியாக இரண்டு நேரங்கள்: இத்தனை மணிக்குள் எங்களிடமிருந்து போன் வரும், வராவிட்டால் இத்தனை மணிக்குப் பூங்காவின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.